பாதிக் கிணறு

இரண்டு கயிறும் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சிக்கிக்கொண்டன. ஜெய்புன்னிசா இழுப்பதை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டாவும் நிறுத்தினாள்.

"இழுக்காதீங்க பீவிம்மா. நான் தளர வுடறேன். நீங்க வாளிய இடக்கைப் பக்கமா ஒரு சுத்து சுத்துங்க."

"நேத்தும் இதத்தான் சொன்னே. நேத்து என் வாளிதான் அவுந்து உள்ள போச்சு."

"நேத்து நீங்க வலக்கைப் பக்கம் சுத்துனீங்க."

அந்தக் கிணற்றின் வாய்க்கு நடுவில் சுவர் ஓடியது. பாதி வீட்டுக்குள், பாதி சந்தில். ஜெய்புன்னிசாவின் மாமனார் கொல்லைக்குச் சுவர் எடுத்தபோது கிணற்றை உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கலாம். அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த சேரிப் பெண்கள் பிறகு எங்கே போவார்கள் என்று யோசித்தவர், கிணற்றின் குறுக்கே ஒரு கருங்கல்லைப் போட்டு அதன் மேலேயே சுவரைக் கொண்டுபோகச் சொன்னார். கிணற்று நடுவில் எவனாவது சுவர் வைப்பானா என்று மேஸ்திரி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லையாம். அந்த ஊரில் சேரிக்காரர்கள் தங்கள் கையால் இறைத்துக்கொள்ளும் கிணறு அது ஒன்றுதான்.

ஜெய்புன்னிசா வாக்கப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம். அவள் வெளியே போவது பெரும்பாலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான், அதுவும் மூடின வண்டியில். வேண்டாவின் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. கல்லுக்குக் கீழே சுவர் இல்லை. குனிந்தால் தண்ணீரில் இரண்டு முகமும் தெரியும். வேண்டா எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால் ஆடிக்கொண்டே இருப்பாள் என்றுதான் அவளால் சொல்ல முடியும். ஆனால் குரல் தெரியும். எந்தப் படகு ராத்திரி திரும்பவில்லை, எந்த வீட்டில் பசு கன்று போட்டது, யார் யாரோடு ஓடிப்போனார்கள், எல்லாம் காலையிலேயே கிணற்றுக்குள் வந்துவிடும். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது புருஷன் காஜா மொய்தீன் புதுசாகச் சொல்வதுபோல் அதையே சொல்வான். அவளும் "அப்பிடியா?" என்பாள்.

கயிறு விடுபட்டது. வேண்டா உடனே இறைக்கவில்லை.

"பீவிம்மா, மூணு மாசம்."

ஜெய்புன்னிசா குனிந்து பார்த்தாள். தண்ணீரில் வேண்டா சிரிக்கவில்லை, அழவுமில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

போன ஐப்பசியில் ஐந்து மாசம். சேரி இருப்பது கால்வாய்க்கு மேற்கே. ஜெய்புன்னிசாவின் தெருவும் மீனவர் குப்பமும் கிழக்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு கால்வாயில் இறங்கித்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் மார்பளவு ஏறும். அடியில் சேறு. வேண்டா வழுக்கி விழுந்தாள். குடம் இரண்டும் உடையவில்லை, பிள்ளை போய்விட்டது. பத்தாம் நாள் மறுபடி தண்ணீருக்கு வந்தாள். ஜெய்புன்னிசா தன் வாளியைச் சுவருக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி, அவள் குடம் இரண்டையும் நிரப்பிக் கொடுத்தாள்.

"இந்தத் தடவ பொண்ணு பொறந்தா 'வேணும்'னு பேரு வெப்பேன்" என்றாள் வேண்டா. நாலு பெண்களுக்கு அப்புறம் ஐந்தாவதாகப் பிறந்தவள் அவள்.

"மொதல்ல ஒயுங்கா பொறக்கட்டும்" என்றாள் ஜெய்புன்னிசா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

*

காஜா மொய்தீன் கருவாடும் உப்பும் வாங்கி விற்பவன். பஞ்சாயத்து போர்டுக்குப் பிரசிடெண்டு. அந்தப் பதவி அவனுக்குப் பிடிக்கும், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்து அவன் தலையில் முடியைக் குறைத்துக்கொண்டிருந்தன.

"கேட்டியா, சர்க்காரு நம்ம ஊருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூவா ஒதுக்கிக்கீது" என்றான் அன்று மத்தியானம். "மீதிப் பாதிய ஊரே ஒடம்பு வேலையா செய்யணும். ஆனா இன்னா வேலைன்னு அவங்க சொல்லமாட்டாங்களாம். நாமளே சொல்லணுமாம்."

இது அவளுக்கு உண்மையிலேயே புதுசு. "நாமளேன்னா? யாரு?"

"எல்லாந்தான். வூட்டுக்கு ஒண்ணு. அந்தக் கிராம சேவக் பையன் வாசுதேவன் சைக்கிளத் தள்ளிகினு மணல்ல வந்து நோட்டீசு படிச்சான். கை தூக்கச் சொன்னா எவன் தூக்குவான்? அதனால கோதண்டம் ஒரு யோசன சொன்னாரு."

கோதண்டம் குப்பத்துத் தலைவர், நாட்டார் என்பார்கள். குப்பத்தில் மீனைப் பங்கு போடும் விதம் எல்லோருக்கும் தெரியும். மீனைச் சமமான கூறுகளாக வைப்பார்கள். பங்குக்காரன் ஒவ்வொருவனும் தன்னுடையதென்று அடையாளம் தெரிகிற ஏதாவது ஒன்றைக் கொடுப்பான். சிப்பியோ, சாவியோ, கட்டைபீடியோ. அதே மாதிரி மூன்று மணல் குவியல் வைத்து, ஆளுக்கு ஒரு பொருள் போடலாம் என்று கோதண்டம் சொல்ல, வாசுதேவன் "பேஷ், அப்படியே செய்யலாம்" என்றானாம்.

"மூணு குவியல்னா?"

"குப்பத்துக்கு மீன் ஏலம் போட ஒரு கொட்டகை. நம்ம தெருவுக்கு கால்வா மேல பலகைப் பாலம். சேரிக்கு கெணறு. வெள்ளிக்கெழம தொழுகைக்கு அப்பால கூட்டம். நான் பிரசிடெண்டு, நான் போட்டா ஊரு பேசும். வூட்டுப் பொருள நீதான் குடுக்கணும்."

"நானா?"

"உன் பேர்ல நான் எடுத்துகினு போவேன். எதுக்குன்னு நீ சொல்லு." அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான், "பாலம் வந்தா நல்லாத்தான் இருக்கும். படகுக்காரனுக்கு அழுவற டப்பு மிச்சம். ஆனா நான் ஒண்ணும் சொல்லல."

*

மறுநாள் காலை கிணற்றடியில் ஜெய்புன்னிசா சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். பாலம் வந்தால் கால்வாயில் இறங்க வேண்டாம். காலில் சேறு படாது. மழையோ வெள்ளமோ, பலகை மேல் நடந்து வரலாம்.

"ஆமா" என்றாள் வேண்டா.

"கெணறு வெட்டறது லேசா? தண்ணி உப்பா இருந்தா இன்னா பண்ணுவே?"

"பனமரத்து மேட்டுல பசங்க கையால தோண்டுன குழியிலயே நல்ல தண்ணி ஊறுது பீவிம்மா. நான் குடிச்சுப் பாத்துட்டேன்."

"சரி. நான் சும்மா சொன்னேன். பாலம்னா எல்லாத்துக்கும் ஆவுமேன்னு."

வேண்டா குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல், கிணற்றுக்குள்ளிருந்து அல்ல, சுவருக்கு மேலேயிருந்து வந்தது.

"பாலம் வந்தா நான் உங்க வூட்டுக்கு வருவேன். கெணறு வந்தா எங்க வூட்டுல இருப்பேன். அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, நேரமாகிறது என்பதுபோல் சொன்னாள். காலடிச் சத்தம் கால்வாய்ப் பக்கம் போனது.

ஜெய்புன்னிசா அங்கேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துபோயிற்று. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பாலம் நல்லதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் பாலத்தை அவள் விரும்பியது வேண்டாவின் காலுக்காக அல்ல. காலை ஐந்தரை மணிக்கு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி இறங்கும் சத்தம் கேட்காமல் எப்படி ஒரு நாளைத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் அவளோடு பேச ஆள் இல்லை. பிள்ளை இல்லை. புருஷன் நல்லவன், ஆனால் அவன் பேசுவது எல்லாம் அவள் காலையிலேயே கேட்டது. அதற்காக இன்னொருத்தி வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டே இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டாம் என்று பதில் தெரிந்தும், வெள்ளிக்கிழமை காஜா மொய்தீன் கையை நீட்டியபோது அவள் சுண்ணாம்பு டப்பியின் பித்தளை மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றாள்.

"என் இஷ்டமா? அப்பிடிச் சொல்லாத. எதுமேல வெக்கணும்?"

"இடியாப்பம் அடுப்புல கீது" என்று உள்ளே போய்விட்டாள்.

*

கூட்டம் கொல்லைச் சுவருக்குப் பின்னால் இருந்த மணல்வெளியில், புன்னை மரத்தடியில் நடந்தது. குப்பத்துக்காரர்கள் ஒரு பக்கம், தெருக்காரர்கள் ஒரு பக்கம், சேரிக்காரர்கள் சற்றுத் தள்ளி ஒரு பக்கம். தெருக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு மிராசுதார் அருணகிரி உட்கார்ந்திருந்தார். சேரியில் முக்கால்வாசிப் பேர் அவர் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் இருக்கும் இடத்தில் அவர்கள் தும்முவதற்குக்கூட யோசித்தார்கள்.

வாசுதேவன் காஞ்சிபுரம் பக்கத்துப் பையன். மூன்று குவியலையும் குச்சியால் காட்டி விளக்கினான். "உங்களுக்கு எது வேணுமோ அதும்மேல உங்க பொருள் இருக்கணும். புரிஞ்சுதா? நான் பாத்தா கூச்சப்படுவீங்க. நான் உள்ள போய்ட்டு வரேன்." காஜா மொய்தீன் அவனை வீட்டுக்கு அழைத்துப்போய் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தான். மரியாதை என்றால் அந்த வீட்டில் மூன்றாவது தடவை பரிமாறாமல் எழவிட மாட்டார்கள்.

அதற்குள் ஜெய்புன்னிசா கொல்லைக்கு வந்து, சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள். கோதண்டம் முறத்தில் எல்லார் பொருளையும் வாங்கினார். சிப்பி, சாவி, பித்தளைப் பொத்தான், வலையின் ஈயக்குண்டு, கொட்டைப்பாக்கு. வேண்டா புளியங்கொட்டை ஒன்றைப் போட்டாள். புருஷன் களத்து வேலைக்குப் போயிருந்ததால் அவள் வீட்டுக்கு அவள்தான். பிறகு கோதண்டம் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு முறத்தைக் குலுக்கினார். குவியல்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் கையை நீட்டி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே, ஒன்று அதற்கப்பால் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனார். கூட்டம் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மீனை இப்படித்தான் பங்கு போடுவார்கள். யார் பொருள் எங்கே விழுகிறது என்று பங்கு போடுகிறவனுக்கே தெரியக்கூடாது.

ஜெய்புன்னிசாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று அவளுக்கும் உடனே விளங்கவில்லை.

வாசுதேவன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து எண்ணினான். கொட்டகை முப்பது. பாலம் முப்பது. கிணறு இருபத்தொன்பது. மறுபடி எண்ணினான்.

"எப்படிங்க இவ்வளவு சமமா வந்துது?"

"கூறுன்னா சமமாத்தான் வரும்" என்றார் கோதண்டம், கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே. "ஒண்ணு கொறையுது. எவன் வூட்டுது சாமி அது?"

காஜா மொய்தீன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பித்தளை மூடி அங்கேயே இருந்தது. "என் வூட்டுதுதான். எதுக்குன்னு அவங்க சொல்லல. நானா வெச்சா தப்பாயிடும்னு..." அவன் காது சிவந்தது.

"அதையும் கெணத்து மேல வெச்சுடு பிரசிடெண்டு, கணக்கு நேராயிடும். அப்பால ஐந்நூறு ஐந்நூறா பிரிச்சுக் குடுங்க சார், மூணு ஊரும் சந்தோசமா வூட்டுக்குப் போவோம்."

வாசுதேவன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். இது பங்கு இல்லை, தேர்தல் என்று அவன் புரியவைக்க நெடுநேரம் ஆனது. மூன்றில் ஒன்றுதான் கட்ட முடியும். ஐந்நூறு ரூபாய்க்குக் கிணறு வெட்டினால் தண்ணீர் வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும். ஐந்நூறு ரூபாய்ப் பாலம் கால்வாயின் நடுவில் நின்றுவிடும்.

"அங்கேருந்து நீந்திக்கலாம் மச்சான்" என்று குப்பத்தில் ஒருத்தன் சொல்ல, அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசுதேவனும் சிரித்துவிட்டான்.

"சரி. வேற வழியில்ல. கையே தூக்குங்க. வீட்டுக்கு ஒரு கை."

சிரிப்பு நின்றது. யாரும் தூக்கவில்லை. சேரிக்காரர்கள் மணலைப் பார்த்தார்கள். அருணகிரி வெற்றிலையை மென்றுகொண்டு அவர்களைப் பார்த்தார். வெறுமனேதான் பார்த்தார், அதுவே போதுமாக இருந்தது. அவருக்கும் பாலம் வந்தால் நெல் வண்டிக்கு வழி என்று எல்லோருக்கும் தெரியும்.

கோதண்டம் தொண்டையைக் கனைத்தார். "சார், முதுகு காட்டாம கூறு நேரா வராது. நாங்க அப்பிடியே பழகிட்டோம். எல்லாரும் திரும்பி உக்காரட்டும். அவங்கவங்க அவங்கவங்க ஊரப் பாத்துகினு. நடுவுல நீங்க மட்டும் நின்னு பாருங்க."

அருணகிரி பக்கம் திரும்பி, "மொதலாளி, நீங்களுந்தான். நாற்காலியத் திருப்பிப் போடட்டா?" என்றார்.

மிராசுதார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அப்படித்தான் அந்த ஊர் அன்றைக்கு உட்கார்ந்தது. குப்பம் கடலைப் பார்த்து. தெரு பள்ளிவாசலைப் பார்த்து. சேரி கால்வாயைப் பார்த்து. அதாவது ஜெய்புன்னிசாவின் சுவரைப் பார்த்து. நடுவில் வாசுதேவன், கையில் நோட்டு, எல்லோருடைய முதுகும் அவன் பக்கம்.

ஓட்டை வழியாக ஜெய்புன்னிசாவுக்குச் சேரிக்காரர்களின் முகங்கள் தெரிந்தன. முதல் வரிசையில் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சத்தோடு இருந்தாள். ஆடாமல் இருந்ததால் யாரென்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த மச்சம் இத்தனை வருஷமும் தண்ணீரில் தெரிந்ததே இல்லை.

"கொட்டகை" என்றான் வாசுதேவன். எண்ணினான். எழுதினான்.

"பாலம்."

ஜெய்புன்னிசாவின் கை தோள்வரை எழுந்தது. முக்காட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கிக்கொண்டது.

"கிணறு."

ஒரு கைகூட எழவில்லை. முதுகைக் காட்டியும், பழக்கம் விடவில்லை. கடல் இரைந்தது. ஜெய்புன்னிசா துவைக்கிற கல்லின் மேல் ஏறினாள். இந்தப் பக்கம் பார்க்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையைச் சுவருக்கு மேலே, முழங்கைவரை தூக்கினாள்.

முதலில் பார்த்தது வேண்டாதான். அவள் வாய் திறந்தது, மூடியது. பிறகு அவள் கை எழுந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு. அப்புறம் நாற்று நட்ட வயல்போல் ஆயிற்று.

"இருபத்தொன்பது, முப்பது" என்று எண்ணி வந்த வாசுதேவன் நிறுத்தினான். "பிரசிடெண்ட், திரும்பாதீங்க. சுவருக்கு மேல ஒரு கை தெரியுது. ஆள் தெரியல. எண்ணலாமா?"

பள்ளிவாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த காஜா மொய்தீன் திரும்பவில்லை. "வளையலு இன்னா கலரு சார்?"

"பச்சை."

காஜா மொய்தீன் தலையைத் தடவிக்கொண்டான்.

"என் வூட்டுக் கைதான். எழுதிக்குங்க."

கொட்டகை முப்பது. பாலம் இருபத்தொன்பது. கிணறு முப்பத்தொன்று. சேரியில் இருப்பது இருபத்தெட்டு வீடு. ஜெய்புன்னிசாவுடையது ஒன்று. மற்ற இரண்டு கை யாருடையது என்று அப்புறம் ரொம்ப நாள் ஊரில் பேச்சு நடந்தது. பார்த்தவன் வாசுதேவன் ஒருத்தன். அவன் சொல்லவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது காஜா மொய்தீன், "பாலம் போச்சு" என்றான்.

"ஆமா."

"உங்க இஷ்டம்னு சொன்னியே, மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? மூடிய பையில வெச்சுகினு நான்தான் பேஜாரானேன்." அவன் பித்தளை மூடியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

*

செங்கல்பட்டிலிருந்து உத்தரவு வர நாற்பது நாள் ஆனது. பனைமரத்து மேட்டில் வேலை ஆரம்பித்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. ஊர் பாதி உழைப்பைத் தர வேண்டும் என்பதால் காஜா மொய்தீனும் முதல் நாள் மண்வெட்டியோடு படகில் போனான். கையில் கொப்புளத்தோடு திரும்பி வந்து மூன்று நாள் அதைப் பற்றியே பேசினான்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் வேண்டாவின் வாளி இறங்கியது. இப்போது அவள் ஒரு குடம்தான் கொண்டுவந்தாள். ஐந்து மாசம். கால்வாயில் இடுப்புக்கு மேல் தண்ணீர்.

"எவ்ளோ ஆழம் போயிருக்கு?" என்றாள் ஜெய்புன்னிசா.

"ரெண்டு ஆள் ஒசரம். நேத்து மண்ணு ஈரமா வந்துதாம்."

"உப்பா?"

"நாக்குல வெச்சுப் பாத்தேன். மண்ணாத்தான் இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கிணறு நிறைந்திருந்ததால் முகங்கள் மிகப் பக்கத்தில் வந்திருந்தன. மேற்கே, கால்வாய்க்கு அப்பால், மண்வெட்டிகள் விழும் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது.

"உன் மூக்குப் பக்கத்துல மச்சம் இருக்குன்னு நீ சொன்னதே இல்லியே" என்றாள் ஜெய்புன்னிசா.

"இதெல்லாம் ஒரு சேதியா பீவிம்மா?" வேண்டா வாளியைத் தூக்கிக் குடத்தில் கவிழ்த்தாள். குடம் பாதி நிறைந்தது. மறுபடி வாளியை இறக்கியவள் பாதியில் நின்றாள்.

மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்தில் ஒருத்தர் கத்தினார். தொடர்ந்து பலர். சந்தோஷமா, யாராவது உள்ளே விழுந்துவிட்டார்களா என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. தண்ணீரில் வேண்டாவின் முகம் மேற்குப் பக்கம் திரும்பியது. பிறகு அது அங்கே இல்லை.

"ஓடாதடி!" ஜெய்புன்னிசா கிணற்றுக்குள் குனிந்து கத்தினாள். "கால்வா நெறைய ஓடுதுடி! கரையப் புடிச்சுகினு எறங்கு!"

குரல் கிணற்றைச் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது. சந்தில் காலடிகள் தேய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கல் முனையில் சுற்றிவிட்டுப் போன கயிறு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் வாளி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஜெய்புன்னிசா தன் வாளியை இறக்கவில்லை. கல்லுக்குக் கீழே கையை நீட்டி, அந்தக் கயிற்றை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.